ஊருக்குப் பொதுவான வலது கை

கல்யாணமாகிக் குமாரபாளையத்துக்கு வந்தபோது, ஒரு நெசவாளியைக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறேன் என்றுதான் நினைத்திருந்தேன். அவருடைய வலது கை மட்டும் எனக்குச் சேராது, அது ஊருக்குப் பொது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளின் தொடக்கம் அது. சேலத்தில் படித்துவிட்டு வந்த ஒரு வாத்தியார் எங்கள் தெரு ஆண்களுக்குக் கிரிக்கெட் பைத்தியத்தை ஏற்றிவிட்டிருந்தார். மட்டையும் பந்தும் குச்சிகளும் அவர் கொண்டுவந்தவை. ஆற்றோர மைதானம் மேடும் பள்ளமுமாக இருக்கும். அதனால் நடுவில் ஒரு பழைய பவானி ஜமக்காளத்தை விரித்து, ஓரமெல்லாம் ஆணி அடித்து, அதன்மேல் பந்து போடுவார்கள். எங்கள் வீட்டுக்காரர்தான் பந்து போடுகிறவர். வேகமென்றால் அப்படியொரு வேகம். வாத்தியார்தான் கேப்டன். அவருக்குத் தெரிந்த ஒரே தந்திரம், பந்தை எங்கள் வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டுச் சாயங்காலம் வரை திரும்ப வாங்காமல் இருப்பது.

அப்படியும் அக்கரை ஆட்டக்காரர்களிடம் இரண்டு வருஷமாகத் தோற்றிருந்தார்கள். ஏன் தோற்றோம் என்ற பஞ்சாயத்து தினமும் எங்கள் வாசலில்தான் நடக்கும். வேறு இடமே கிடைக்காத மாதிரி!

பஞ்சாயத்தில் இரண்டு கட்சி. ஒரு கட்சிக்குச் சாயப்பட்டறைக்காரர் தலைவர். வயசானவர், முழங்கை வரைக்கும் நீலமாக இருக்கும். அவர் ஒருநாளும் பந்தைத் தொட்டதில்லை. பார்க்க மட்டும் வருவார். இன்னொரு கட்சிக்குச் சோடாக்கடைக்காரர். இளவட்டம். அணியில் பதினோராவது ஆள். எல்லைக்கோட்டில் நின்றபடியே இரண்டு சோடாவும் விற்றுவிடுவார்.

"நாள் பூராவும் ஒருத்தனே போட்டா கை என்னத்துக்காகும்? அது கையா, ராட்டினமா?" என்பார் சாயப்பட்டறைக்காரர்.

"கையெ வெச்சுப் பூசையா பண்றதுங்க? ஓடற வண்டி ஓடிட்டே இருக்கோணும். போன வருசம் நடுவுல ரண்டு ஓவரு வேற ஆளுக்குக் குடுத்தாங்க பாருங்க, அங்கதான் கெட்டுது" என்பார் சோடாக்கடைக்காரர்.

கைக்கு உரியவரோ இருவர் சொல்வதும் சரி என்கிற மாதிரி தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒருநாள் சாயப்பட்டறைக்காரர் என்னையே விசாரணைக்கு இழுத்தார். "ஏனம்மிணி, அவன் தண்ணி கிண்ணி சேந்தறானா?"

"சேந்தாம? நா ஒருத்தியே சேந்தி மாளுமாங்க?"

அவ்வளவுதான். மறுநாள் விடியக்காலை பார்த்தால் சோடாக்கடைக்காரரும் சாயப்பட்டறைக்காரரும் ஆளுக்கொரு குடத்தோடு எங்கள் கிணற்றடியில் நிற்கிறார்கள். அன்றிலிருந்து எங்கள் வீட்டுத் தொட்டி தளும்பத் தளும்ப நிறைந்திருந்தது. கிரிக்கெட்டால் எனக்குக் கிடைத்த முதல் லாபம் அதுதான்.

இவர்களுக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. எங்கள் குழித்தறி வாசலையொட்டிய அறையில் இருந்தது. வலது கையால் கயிற்றைச் சுண்டினால் ஊடு நூலைச் சுமந்த நாடா இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓடும். போகிறபோக்கில் அந்தச் சத்தத்தைக் கேட்டே கையின் ஆரோக்கியத்தைச் சொல்லுவார்கள். "இன்னிக்குச் சுண்டு கொஞ்சம் தளர்வா இருக்குதப்பா." "அதெல்லாமில்லீங்க, நூலு அறுந்திருக்கும்." நாடி பிடிக்கிற வைத்தியருக்குக்கூட அவ்வளவு நிச்சயம் இருக்காது.

அந்த வருஷம் அக்கரை ஆட்டத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது, ஞாயிற்றுக்கிழமை பகல் முழுக்கப் பந்து போட்டுப் பழகிவிட்டு வந்தார். மறுநாள் காலையில் மோர் கொடுத்தேன். இடது கையை நீட்டி வாங்கினார். வலது கையைத் தொட்டேன், ஆளே துள்ளிவிட்டார்.

வைத்தியர் எண்ணெய் போட்டு, தோளோடு சேர்த்துக் கட்டுக் கட்டினார். "ஒரு மாசம் இந்தக் கையெத் தூக்கவே கூடாது. மீறித் தூக்குனா அப்பறம் பந்தும் இல்ல, தறியும் இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனார். பந்து எப்படியும் போகட்டும். தறி போனால் நாங்கள் என்ன செய்வோம்?

எங்கள் வீட்டுக்காரருக்கோ வேறு கவலை. "புள்ள, வெளீல சொல்லிப்போடாத. ஞாயித்துக்கெழமைக்குள்ள சரியாப் போயிரும். ஆனாத் தறிச் சத்தம் நின்னா ஊரே வந்து நிக்கும்."

அந்தத் தெருவில் பெண்கள் நூல் சுற்றிக் கொடுப்பதோடு சரி, தறியில் உட்காரமாட்டார்கள். என் அப்பா வீட்டிலோ நாங்கள் பெண்களும் நெய்தோம். கதவைச் சாத்திவிட்டு நான் தறிக்குழியில் இறங்கினேன். ஊருக்காக அல்ல, தறியில் ஏற்றின பாவு பாதி நெய்தபடி நின்றது, அதற்காக.

மூன்றாம் நாள் காலை வாசலில் குடம் வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு பேச்சு.

"கேளுங்க மாமா, என்னமாப் போகுது! போன வாரத்தெவிட இப்ப சுண்டு நல்லா இருக்குது" என்றார் சோடாக்கடைக்காரர்.

"ஆமாம்ப்பா. ஒரு சீரா இருக்குது."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கல்யாணமான நாளாக என் சமையலைக்கூட யாரும் இப்படிப் புகழ்ந்ததில்லை. இன்னும் இரண்டு சுண்டு அழகாகச் சுண்டினேன்.

"இந்தக் கைக்கு வலியாவது கிலியாவது! ஞாயித்துக்கெழமெ காத்தாலிருந்து பொழுது சாயறவரைக்கும் அண்ணனே போடட்டுங்க" என்றார் சோடாக்கடைக்காரர்.

"செரிதான். நாந்தான் வீணாப் பயந்துட்டேன்" என்றார் சாயப்பட்டறைக்காரர்.

இரண்டு கட்சியும் முதல்முறையாக ஒன்று சேர்ந்தது, என் கையைக் கேட்டு! மூலையில் கட்டோடு உட்கார்ந்திருந்த மனுஷன் முகத்தைப் பார்த்தேன். "ஒரு நாளைக்குத்தானே புள்ள" என்று முணுமுணுத்தார். அவ்வளவுதான், எனக்கு உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. எழுந்துபோய்க் கதவைப் படாரென்று திறந்தேன்.

"நெய்யறது நானுங்க! அவரு மோருத் தம்ளரெத் தூக்க முடியாம உக்காந்திருக்கறாரு. இப்பச் சொல்லுங்க, எந்தக் கையெக் கூட்டிட்டுப் போறீங்க? கண்ணா பின்னான்னு போட வெச்சு ஒரு கையெ முடிச்சாச்சு. மிச்சம் பத்துப் பேருக்குக் கையி சோறு திங்கறதுக்கு மட்டுமா?"

சாயப்பட்டறைக்காரர் உள்ளே எட்டிக் கட்டைப் பார்த்தார். சோடாக்கடைக்காரர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க்கா, நீங்க போடுவீங்களா?" என்றார்.

கோபத்தில் நின்ற எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் விடவில்லை. "நானெதுக்கு? ஓயாமப் போட்டா ஒண்ணும் ஆவாதுன்னு சொன்னது நீங்கதான? நீங்களே போடுங்க."

ஞாயிற்றுக்கிழமை சோடாக்கடைக்காரரே போட்டார். நானும் எங்கள் வீட்டுக்காரரும் புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். எனக்கு ஆட்டத்தைவிட இவரைப் பார்ப்பதுதான் வேலை. யாராவது ஒரு பந்தைத் தவறவிட்டால் பாதி எழுந்துவிடுவார். அவர் வேட்டி முனையைக் கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டேன்.

கடைசியில் அக்கரைக்காரர்களுக்குச் சில ரன்களே பாக்கி. இரண்டு விக்கெட்தான் மிச்சம். வாத்தியார் பந்தைக் கையில் உருட்டிக்கொண்டு எங்கள் பக்கம் திரும்பினார். மைதானமே திரும்பியது. இவரும் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு எதையும் கொடுத்துவிடலாம் என்று இருந்தது எனக்கு. ஆனாலும் வேட்டி முனையை இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டேன்.

சோடாக்கடைக்காரர் ஓடிவந்து போட்டார். ஆணி கழன்று எழும்பியிருந்த ஜமக்காள ஓரத்தில் பந்து பட்டுத் திரும்பி, குச்சியைப் பெயர்த்துவிட்டது. அவுட்! மனுஷன் ஆடின ஆட்டத்தைப் பார்க்க வேண்டுமே! தலைத்துண்டை வீசிக்கொண்டு புளியமரம் வரைக்கும் ஓடிவந்து, "அண்ணா, பாத்தீங்களா!" என்று கத்திவிட்டுப் போனார். அடுத்த பந்தை அக்கரைக்காரன் ஆற்றுக்குள் அடித்தான். தோற்றோம்.

வீடு வரும் வழியில் எல்லோரும் என்னைவிட்டுப் பத்தடி முன்னாலேயே நடந்தார்கள்.

மறுநாள் காலையில் சோடாக்கடைக்காரர் வந்தார். வலது கையை இடது கையால் தாங்கிப் பிடித்திருந்தார். புட்டியில் கோலியை அழுத்தக்கூட முடியவில்லையாம். "ஏனுங்க்கா, அண்ணனுக்குப் போட்ட எண்ணெ இன்னும் இருக்குதுங்களா?" என்றார். இவரும் அவருமாகக் கட்டுப்போட்டுக்கொண்டு பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த ஒரு விக்கெட்டைப் பற்றி மத்தியானம் வரைக்கும் பேசினார்கள். சாயப்பட்டறைக்காரர் மட்டும் தனியாகத் தண்ணீர் சேந்தினார்.

மாதம் முழுக்க நான்தான் நெய்தேன், கதவைத் திறந்து வைத்துக்கொண்டே. வைத்தியர் கட்டை அவிழ்த்த பிறகும் இவர் தறிப்பக்கம் போகவில்லை. பயம். கை பழையபடி வருமா வராதா என்று நான் கேட்கவுமில்லை. எனக்கும் பயம்தான்.

ஒருநாள் தண்ணீர் சேந்துகிற இருவரையும் கிணற்றடியில் காணோமென்று நானே தண்ணீர் எடுத்துக்கொண்டு வந்தேன். இரண்டு பேரும் எங்கள் வாசலில், சாத்தியிருந்த கதவோரம் காதைக் கொடுத்துக்கொண்டு நிற்கிறார்கள். உள்ளே தறி ஓடிக்கொண்டிருந்தது.

"கேளுங்க மாமா, அக்கா நெய்யற அழகெ. அண்ணன் கையி இனி இப்பிடி வருமாங்க?" என்றார் சோடாக்கடைக்காரர்.

"யாரு நெய்யறது?" என்றேன் பின்னாலிருந்து.

திரும்பிப் பார்த்தார்கள். இடுப்பில் குடத்தோடு நான் நிற்கிறேன். உள்ளே நாடா ஓடுகிறது. மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். குடத்தை எப்படி இறக்கினேன் என்று தெரியாது, பாதித் தண்ணீர் என் சேலையில். நான் அழுதுகொண்டே சிரித்தேன். சாயப்பட்டறைக்காரர் நீலக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அண்ணா! அடுத்த வருசம் அக்கரைக்காரனெ..." என்று கூவிய சோடாக்கடைக்காரர், என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். தன் தோளைத் தடவிப் பார்த்தார்.

"அண்ணன் அஞ்சு ஓவரு போட்டாப் போதுமுங்க்கா. மிச்சத்தெ நாங்க போட்டுக்கறோம்" என்றார்.

உள்ளே தறி நிற்கவே இல்லை.