கட்டையோடு இறங்கிய ஜீப்

வீட்டிலேயே நான் பழுதுபார்க்கும் பழைய ஜீப்பின் பிரேக்கை மிதித்தேன். மிதி தரையைத் தொட்டது. கசிந்த பிரேக் ஆயில் நெடி மூக்கிலேறியது.

சிறுவயதில் இதே நெடியோடுதான் அப்பாவின் ஜீப்பில், மலைமேல் இருக்கும் வாழவந்தியிலிருந்து சேலத்துக் கல்யாணத்துக்குக் கிளம்பினோம். அப்பாவும் என்னைப் போல் கைராசிக்காரர்: தொட்டால் ஓடுகிற வண்டியும் நிற்கும், நிற்க வேண்டிய இடத்தில்தான் நிற்காது. பின்னால் பட்டுச்சேலையில் அம்மா, மடியில் சக்கரத்துக்கு அடைகொடுக்கும் கட்டை. மலையிறக்க வளைவில் பிரேக் பிடிக்கவில்லை.

“கட்டையப் போடு புள்ள,” என்றார் அப்பா.

“நீங்க நிறுத்துனாத்தானுங்க நான் எறங்கிப் போட முடியும்?”

அப்பா மலைச்சுவரில் உரசி நிறுத்தினார். மறுபக்கம், பள்ளம் தெரியாமல் மேகம் நிறைந்திருந்தது.

இப்போது மகள் ஏறி உட்கார்ந்து, “போலாங்கப்பா,” என்றாள். என் கைவேலையை நம்புகிற ஒரே ஆள் அவள். அந்த நம்பிக்கைதான் பயமாக இருந்தது. சாவியை உருவிக்கொண்டேன்.