கீழே ஆள் இருக்கிறார்களா

அன்றைக்கு அந்தக் கப்பலில், சரக்கு அறைக்கு மேலே இருக்கும் இரண்டாம் திறப்பில் வேலைக்கு இருந்தவர்கள் ஆறு பேர். வின்ச்சில் என் அக்காவின் புருஷன். திறப்பின் ஓரத்தில் கை காட்ட நான். கீழே சரக்கு அறையில் பிண்ணாக்கு மூட்டை அடுக்க நாலு பேர். மேஸ்திரி ஆபீசுக்குப் போயிருந்தார், அவரைச் சேர்க்கக் கூடாது. எத்தனை தடவை எண்ணிப் பார்த்தாலும் ஆறுதான்.

வின்ச்சு என்பது வலையில் கட்டிய மூட்டைகளைத் தூக்கிக் கப்பலுக்குள் இறக்கும் நீராவி இயந்திரம். அதை ஓட்டுகிறவருக்குக் கீழே நடப்பது எதுவும் தெரியாது. திறப்பின் ஓரத்தில் நிற்பவன் கையைத்தான் பார்ப்பார். உள்ளங்கை கீழே பார்த்து அசைந்தால் இறக்க வேண்டும். விரல்களை மூடினால் நிறுத்த வேண்டும். மாமா எட்டு வருஷம் அப்படியே ஓட்டியவர். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுச் சும்மா திரிந்த என்னை அவர்தான் துறைமுகத்தில் சேர்த்துவிட்டார்.

ராயபுரத்திலிருந்து இருவரும் நடந்தேதான் வேலைக்குப் போவோம். ஒருநாள் வழியில் நின்று கேட்டார்: “மச்சான், கீய ஆளு கீறாங்களா?” இருக்கிறார்கள் என்றேன். அது உனக்குத் தெரியும், எனக்கு எப்படித் தெரியும் என்றார். “எட்டு வருஷமா வெறும் கையத்தான் பாத்துகினு கீறேன். கப்பலு, கடலு, நீ, உங்கக்கா, எல்லாமே எவனோ கை காட்டி எனக்குத் தெரியவெக்கிறானோ இன்னாவோ.”

மத்தியானம் சோறு தின்னும்போது மற்றவர்களிடமும் கேட்பார். அறையில் வேலை செய்த ஒருவன், திருவொற்றியூர்க்காரன், வாயாடி. “கூலி வாங்கசொல்ல மட்டும் எல்லாம் நெசமா கீதா மாமா?” என்றான். எல்லாரும் சிரித்தார்கள். மாமா சிரிக்கவில்லை. “நீ மேல வந்தப்புறம் கீற. கீய போனப்புறம்?” என்று கேட்டார். எதற்கும் பயப்படுகிற ஆள் நான். தொடையைக் கிள்ளிப் பார்த்தேன், வலித்தது. ஆனால் அந்த வலி எனக்கு மட்டும்தானே தெரியும், அவருக்கு நான் வெறும் கைதானே என்று தோன்றியதும் பயம் இன்னும் கூடிப்போயிற்று.

அது நடந்தது பத்து மணி வெயிலில். வலை பாதி இறங்கியிருந்தது. அடியில் திருவொற்றியூர்க்காரன் குனிந்து பலகையை நகர்த்திக்கொண்டிருந்தான். நான் விரல்களை மூடினேன். வலை நின்றது. வேர்வை கண்ணில் இறங்கி எரிந்தது. துடைக்கக் கையைத் திறந்தேன். நான் திறந்ததால் வலை இறங்கியதா, இறங்கியதைப் பார்த்துத் திறந்தேனா? இன்றுவரை தெரியவில்லை. அவனுடைய வலது கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கியது.

விசாரணையில் அதிகாரி முதலில் மாமாவைத்தான் கேட்டார். நான் காட்டிய கை தவறிவிட்டது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவருக்கு வேலை மிஞ்சியிருக்கும், எனக்குப் போயிருக்கும். “மச்சான் கை சரியாத்தான் காட்னான் சார். கீய ஆளே இல்லன்னு நெனச்சிட்டேன்” என்றார். புத்தி சரியில்லாதவர் என்று எழுதி வீட்டுக்கு அனுப்பினார்கள். நான் பக்கத்திலேயே நின்றிருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

பிறகு ஞாயிறுதோறும் மாமா திருவொற்றியூருக்குப் போவார். ஒருமுறை நானும் போனேன். காலை எடுத்துவிட்டிருந்தார்கள். வாயாடி, பேச்செல்லாம் அடங்கிக் கட்டிலில் கிடந்தான். மாமா அவன் முழங்கால் பக்கம் குனிந்து, வலிக்கிறதா என்று கேட்டார். அவன், மிச்சமிருக்கிற இடம் வலிக்கவில்லை என்றான். “போன காலுதான் மாமா வலிக்குது. கட்டவெரலு எரியுது.”

மாமா அந்த விரல் இருந்திருக்க வேண்டிய இடத்தை, வெறும் பாயை, வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பும்போது ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் சொன்னார்: “காலு இல்ல. வலி கீது. அப்ப அவன் கீறான் மச்சான்.” நடுரோட்டில் உட்கார்ந்து அழுதார். எட்டு வருஷமாகத் தேடிய பதில் கிடைத்த மனுஷன் அழுத மாதிரி இல்லை அது.

அவர் அதிகாரியிடம் சொன்னது நிஜமா, என்னைக் காப்பாற்றச் சொன்னதா? அன்றே கேட்டிருக்கலாம். நிஜமென்றால் என் கைமேல் பழி இல்லை. பொய்யென்றால் நான் என்ன ஆவேன்? பயந்து கேட்காமல் விட்டேன். மூன்றாம் வருஷம் மாமா செத்துப்போனார். புத்தி பேதலித்த மனுஷனோடு குடித்தனம் நடத்தினேன் என்று அக்கா இன்றைக்கும் வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து, ஆமாம் என்று தலையாட்டுகிறேன்.