லீலாபாயின் உடைந்த பரணி

லீலாபாய் அக்கா வரிசையில் நின்றாலே எனக்கு எரிச்சல் வரும். அப்போது நான் குலசேகரம் பக்கத்து அஞ்சலகம் ஒன்றில் கவுன்டர் எழுத்தர். தபால்தலை ஓரம் எதற்குப் பல்லுப் பல்லாக இருக்கிறது, முத்திரை மை மழையில் அழியுமா, சேலம் போகிற பை வழியில் எத்தனை கை மாறும் என்று கேட்டுக்கொண்டே இருப்பார். பின்னால் பத்துப் பேர் நின்றாலும் பதில் வாங்காமல் நகர மாட்டார்.

ஐம்பது வயதிருக்கும். கணவர் ஜான்ரோஸ் ரப்பர் பால் வெட்டுகிறவர். 2014-இல் மகள் ஒரு போன் வாங்கித் தந்ததும் அக்கா வியாபாரத்தில் இறங்கிவிட்டார். களியக்காவிளை வரை பஸ்ஸில் போய், வீடுகளில் சும்மா கிடக்கும் பரணிகளை, அதாவது ஊறுகாய் போடும் பீங்கான் ஜாடிகளை, விலைக்கு வாங்கி வருவார். படமெடுத்து இணையத்தில் போட்டு விற்பார். இதையெல்லாம் எவன் வாங்குவான் என்று நினைத்தேன். பெங்களூரில் பூ வைக்க வாங்கினார்கள்.

அப்படி அனுப்பிய பெரிய பரணி ஒன்று சேலத்துக்கு உடைந்து போய்ச் சேர்ந்தது. இரண்டாயிரம் ரூபாய்க்கு இன்ஷூர் செய்த பார்சல். வாங்கியவர் விவரமானவர், அஞ்சலக ஊழியர் முன்னாலேயே பிரித்து, உடைந்திருப்பதாக எழுதி வாங்கிவிட்டார். அக்கா அவருக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். அது அடுத்த பரணிகள் வாங்க வைத்திருந்த முதல். இன்ஷூரன்ஸ் வந்தால் வியாபாரம் நடக்கும், இல்லையென்றால் அத்தோடு சரி என்று கவுன்டரிலேயே சொன்னார்.

இழப்பீடு கேட்டு அக்கா மனு கொடுத்தார். உடைந்த பார்சல் திரும்பி வந்தது. விசாரிக்க அஞ்சல் ஆய்வாளர் கிருஷ்ணமணி வந்தார். பார்சல் கட்டு சரியில்லையென்றால் இழப்பீடு கிடையாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார். அக்கா சண்டை போடவில்லை. மறுநாள் அதே அளவில் இன்னொரு பரணியைத் தூக்கிக்கொண்டு வந்தார். எங்கள் கண்ணெதிரே, உடைந்ததைக் கட்டிய மாதிரியே, உள்ளும் புறமும் தேங்காய் நார்த் தும்பைத் திணித்து, ரப்பர் ஷீட்டைச் சுற்றி, பெட்டியில் வைத்துத் துணியால் தைத்தார். கீழே போட்டுப் பாருங்கள் என்றார். கிருஷ்ணமணி தயங்கவே, அக்காவே கவுன்டர் உயரத்திலிருந்து கையை விட்டுவிட்டார்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். பிரித்துப் பார்த்தால் பரணிக்கு ஒன்றும் ஆகவில்லை. கிருஷ்ணமணி சிரித்துவிட்டார். கட்டு போதுமானது என்று எழுதி, கையெழுத்துப் போடச் சொல்லித் தாளை நீட்டினார். இரண்டாயிரம் ரூபாய் வந்தது மாதிரிதான்.

அக்கா பேனாவை வாங்கவில்லை.

"அப்போ அது எப்பிடி சார் ஒடஞ்சுது?"

வழியில் எங்காவது விழுந்திருக்கும் என்றார் கிருஷ்ணமணி. இதுவும்தானே விழுந்தது என்றார் அக்கா. பிறகு உடைந்த துண்டுகளை மேஜையில் கொட்டி ஒன்றோடொன்று பொருத்த ஆரம்பித்தார். நானும் எட்டிப் பார்த்தேன், வேலை ஓடவில்லை. உடைந்த ஓரமெல்லாம் வெள்ளை வெளேரென்று இருந்தது. ஓர் இடத்தில் மட்டும், ஒரு சாண் நீளத்துக்கு, பழுப்பேறிக் கிடந்தது. அக்கா அதை முந்தானையால் துடைத்தார், போகவில்லை. மோந்து பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். பழைய மாங்காய் ஊறுகாய் வாசம். வழியில் உடைந்த ஓரத்தில் ஊறுகாய் எண்ணெய் எப்படி ஊறியிருக்கும்? எனக்கும் விளங்கிவிட்டது, விளங்காமலே இருந்திருக்கலாம்.

"இது நான் வாங்கச்சிலேயே கீறிக் கெடந்திருக்கு சார். வெரலால ஒண்ணு தட்டிப் பாத்தா சத்தத்திலேயே தெரிஞ்சிருக்கும். நான் தட்டல்ல."

கிருஷ்ணமணி தாளையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். நல்ல மனுஷன். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"இத ஒங்ககிட்ட ஆரும் கேக்கல்லியே."

பேசாமல் கையெழுத்தைப் போட்டுவிட்டுப் போனால்தான் என்ன என்று எனக்கு அக்காமேல் கோபமே வந்தது. அவர் பேனாவை வாங்கினார். முகம் வாடித்தான் இருந்தது. மனுவைத் திரும்பப் பெறுகிறேன் என்று நிதானமாக எழுதினார்.

"நான் கேட்டேம்லா சார்" என்றார்.