அமாவாசைக்கு லீவு விட்ட ராட்டினம்

உலகத்தில் வேறெந்தப் பொழுதுபோக்குக் கம்பெனியும் செய்யத் துணியாத ஒரு காரியத்தை எங்கள் கம்பெனி வருஷக்கணக்காகச் செய்தது. ஊருக்கே விடுமுறையான நாளில் கேட்டைப் பூட்டியது.

ஆரணியில் தறிக்கு லீவு அமாவாசைதான், ஞாயிற்றுக்கிழமை அல்ல. அன்றைக்குப் பட்டு நெய்கிறவர்கள் தலைக்குக் குளித்து, வடை பாயசத்தோடு சாப்பிட்டு, மத்தியானத்துக்கு மேல் என்ன செய்வதென்று தெரியாமல் தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். குழந்தை குட்டிகளோடு எங்கேயாவது போகலாம் என்று அன்றுதான் தோன்றும். போவதற்கு வந்தவாசி ரோட்டில் எங்கள் பார்க் இருந்தது. அதன் கேட்டில் ‘இன்று விடுமுறை’ என்று ஒரு பலகை தொங்கும்.

காரணம், நைனா. எங்கள் வீட்டில் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம். முள்ளிப்பட்டில் கூலிக்கு நெய்துகொண்டிருந்தவர், கல்யாணமான புதிதில் ஏதோ ஒரு திருவிழாவில் ராட்டினம் சுற்றுகிறவனைப் பார்த்திருக்கிறார். “நானும் நாளெல்லாம் கையக் கால ஆட்றேன், ஒருத்தனும் சிரிக்கல. இவன் ஆட்னா ஊரே சிரிக்குது” என்று சொல்லித் தறியை விட்டு எழுந்தவர்தான். முதலில் கையால் சுற்றும் மர ராட்டினம். பிறகு இன்ஜின் வைத்த பெரிய ராட்டினம், டிராகன் ரயில், கொலம்பஸ் கப்பல். சேத்துப்பட்டு, போளூர், செய்யாறு என்று எங்கே தேர் ஓடினாலும், எந்த மாதா கோயிலில் கொடி ஏறினாலும் நாங்கள் அங்கே இருப்போம். அண்ணன் தலையெடுத்த பிறகு, ஊர் ஊராக இரும்பைக் கழற்றி மாட்டியது போதும் என்று சொந்தமாக ஒரு பார்க். அதன் பெயரைச் சொல்லப்போவதில்லை. குடும்பம், மகிழ்ச்சி, உலகம் என்ற மூன்று சொற்களும் அதில் வரும். மூன்றில் முதலாவது மட்டும் உண்மை.

கம்பெனியில் ஒரு கட்டாயம் உண்டு. தினமும் முதல் சுற்றில் எங்கள் வீட்டு ஆட்கள்தான் உட்கார வேண்டும். “நம்ம வூட்டு ஆளு குந்தாததுல ஊரான் வூட்டுப் புள்ளயக் குந்த வெக்கக் கூடாது” என்பது நைனாவின் சட்டம். அம்மா இருந்தவரைக்கும் அடுப்பைத் தணித்துவிட்டு ஓடி வந்து, ஒரு சுற்று சுற்றிவிட்டு, குழம்பு அடிப்பிடிப்பதற்குள் திரும்பிவிடுவாள். நைனாவும் அண்ணனும் எதிரெதிரே உட்கார்ந்து, மேலே போகும்போதும் ஏதாவது சண்டை போட்டுக்கொண்டே போவார்கள். நான் கீழே நின்று எல்லோருடைய செருப்புக்கும் காவல் இருப்பேன். எனக்கு உயரம் ஆகாது. மாடிப்படியில் வேகமாக ஏறினாலே கண்ணை மூடிக்கொள்கிறவன்.

ராட்டினக்காரர் மகனுக்கு ராட்டினம் ஒத்துக்கொள்ளவில்லை என்பதை ஊர் வெகுகாலம் ரசித்தது. நான் புத்தகத்துக்குள் இறங்கினேன். அது தரையிலேயே இருப்பது. படித்துச் சென்னையில் வாத்தியாராகி, பத்திரிகைகளில் நகைச்சுவை எழுதவும் ஆரம்பித்தபோது, குடும்பத் தொழிலைத்தான் நானும் செய்கிறேன் என்று நைனாவிடம் பெருமையடித்தேன்.

“யாருனா சிரிக்கறாங்களா?” என்று கேட்டார்.

திருவிழாவுக்குத் திருவிழா அலைந்த காலத்தில் அமாவாசை லீவு எவரையும் உறுத்தவில்லை. அன்று ஆட்கள் தூங்குவார்கள், அச்சுக்கு கிரீஸ் போடுவார்கள். நெசவாளிகளின் ஊரிலேயே பார்க் கட்டி உட்கார்ந்த பிறகுதான் அது விபரீதமானது. அண்ணன் மாதாமாதம் கேட்பார். ஒரு தீபாவளிக்கு நான் ஊருக்கு வந்திருந்தபோது, சாப்பாட்டு இலைக்கு முன்னால் அது மறுபடி வெடித்தது.

“ஊரே வூட்ல குந்திகினு கீது. நாம கேட்டப் பூட்டி வெச்சிகினு கீறோம். இன்னா நைனா நியாயம் இது?”

“தறிக்கு லீவுன்னா சக்கரத்துக்கும் லீவு.”

“இது தறியா?”

“ஆள் வெச்சி ஓட்றது எதுவா இருந்தாலும் தறிதான்.”

“அப்ப ஜரிகை எங்க கீது? காட்டு, பாக்கறேன்.”

நைனா மோரை ஊற்றிப் பிசைந்தார். அண்ணன் விடவில்லை. “சாமியே இல்லன்ற. கோயிலுக்கு வர மாட்டேன்ற. அமாவாச மட்டும் கீதா?”

“அமாவாச வானத்துல கீதுடா. போய்ப் பாரு.”

“நெலாவே இல்லாத நாள்ல இன்னாத்தப் போய்ப் பாக்கறது?”

நான் சிரித்துவிட்டேன். நைனா சிரிக்கவில்லை. கையை இலையிலேயே வைத்துக்கொண்டு சொன்னார்: “தறிய வுட்டேன். எங்கப்பன் வூட்ட வுட்டேன். சொந்தக்காரன் ஒருத்தனும் பேசல, அதயும் வுட்டேன். வர்றப்ப இந்த லீவு ஒண்ணத்தான்டா எடுத்துகினு வந்தேன்.”

அண்ணன் இலையை மடித்து எழுந்தார். ஆனால் விட்டுவிடவில்லை. அடுத்த முறை நான் வந்தபோது, ஜெனரேட்டர் அறையில் சுவரைப் பார்க்கச் சாத்தியிருந்த ஒரு பலகையைத் திருப்பிக் காட்டினார். ‘அமாவாசை அன்றும் உண்டு’ என்று சிவப்பில் எழுதியிருந்தது; ஓரத்தில் ஒரு யானை சிரித்துக்கொண்டிருந்தது.

“எப்பனா ஒரு நாள் சரின்னுவாரு. அன்னிக்கி பெயிண்டரத் தேடிகினு இருக்க முடியாது, பாரு. ஜல்தியா மாட்டணும். ஒரே ஒரு அமாவாச தொறந்து, கூட்டத்த அவரு கண்ணால பாத்தாருன்னா போதும்டா. அப்பறம் அவரே தொறப்பாரு.”

அவர் ஆசைப்பட்டது அந்த ஒரு நாளைக்குத்தான்.

அதற்குள் ஊர் மாறிக்கொண்டிருந்தது. விசைத்தறி அமாவாசையெல்லாம் பார்ப்பதில்லை. இளவட்டங்கள் கம்பெனி பஸ் ஏறி வேலைக்குப் போனார்கள், அவர்களுக்கு லீவு ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்குப் போவதற்கும் எங்கள் டிராகனைவிடப் பெரிய டிராகன் சென்னையில் இருந்தது. கொரோனாவில் மூடியபோது பார்க்கில் பிள்ளைகள் குளிக்கக் கட்டியிருந்த குளத்தில் தேங்கிய தண்ணீரில் தவளைகள் மட்டும் இலவசமாகக் குளித்தன. திறந்த பிறகும் தவளைகளின் எண்ணிக்கையே அதிகம். கொலம்பஸைப் பிரித்து விற்றோம். மிஞ்சியது ராட்டினமும் நாலு ஊஞ்சலும்.

போன ஆடியில், ராட்டினத்தடியில் நின்று, அதை ஆட்டுகிற வேலையாளோடு பேசிக்கொண்டிருந்த அண்ணன், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரவில்லை.

செத்துப்போன அப்பாவுக்கு மகன் அமாவாசையில் எள்ளும் தண்ணீரும் விடலாம். செத்துப்போன மகனுக்கு அப்பா என்ன செய்வது என்று எங்கள் பக்கத்தில் யாரும் ஏற்பாடு செய்து வைக்கவில்லை. நைனா தாமாகவே ஒன்றை ஏற்பாடு செய்துகொண்டார். போனில் கூப்பிட்டார்.

“அமாவாசைக்கி வா.”

“எதுக்கு நைனா?”

“தொறக்கறோம்.”

நான் போய்ச் சேர்ந்தபோது கேட்டில் யானைப் பலகை தொங்கியது. சிவப்பு கொஞ்சமும் வெளுக்கவில்லை. சுவரைப் பார்த்தே இருந்ததால் வெயில் படவில்லை. நைனா சலவைச் சட்டை போட்டு ராட்டினத்தடியில் நின்றிருந்தார். ஆட்டுகிறவர் ஆட்கள் உட்காரும் தொட்டியின் கம்பியைத் திறந்து பிடித்திருந்தார். நைனா ஏறி உட்கார்ந்தார். எதிரே அண்ணன் உட்காரும் பலகை காலியாக இருந்தது. நான் வழக்கம்போலக் குனிந்து அவருடைய செருப்பை எடுத்தேன்.

“அத அங்கயே போட்டுட்டு ஏறு.”

“எனக்கு ஆகாது, நைனா.”

“வூட்டு ஆளு வேற எவன்டா கீறான்?”

ஏறினேன். கம்பியைப் பூட்டும் சத்தம் கேட்டதும் கண்ணை மூடினேன். தரை காலுக்கடியிலிருந்து கழன்று போனது. இந்த நிலையைப் பற்றி நான் இரண்டு கட்டுரைகள் எழுதி, இரண்டும் சிரிப்பாக வந்திருக்கின்றன என்பது அப்போது உதவவில்லை. ராட்டினம் எங்களை உச்சியில் நிறுத்தியது. காற்று தொட்டியை லேசாக ஆட்டியது.

“ரோட்ல யாருனா வர்றாங்களா பாரு” என்றார் நைனா. கண்ணில் புரை விழுந்து அவருக்குத் தூரத்தில் எதுவும் தெரிவதில்லை.

“வந்துகினு இருக்காங்க நைனா.”

“நெறயவா?”

“நெறய.”

அவர் என் முழங்காலில் தட்டினார்.

“கண்ணத் தெறந்து சொல்லு.”

திறந்தேன். கமண்டல நாகநதி மணல் வெயிலில் கிடந்தது. அரிசி ஆலையின் புகை நேராக மேலே போனது. எங்கள் கேட்டுக்கு முன்னால் வந்தவாசி பஸ் ஒன்று வேகத்தைக் குறைக்காமல் கடந்தது. அதன் பின்னால் ஒரு மொபெட், முன்னால் பட்டு மூட்டை. ஓட்டியவர் பலகையை ஒரு முறை திரும்பிப் பார்த்தார். நிற்கவில்லை.

“யாரும் இல்ல நைனா.”

தலையை ஆட்டிக்கொண்டார். தெரிந்துதான் கேட்டாரா என்று எனக்குத் தெரியவில்லை.

“அவன் கேட்டப்ப தொறந்திருந்தா வந்திருப்பாங்கடா” என்றார்.

தொட்டி இறங்கியது. தரைக்கு வந்ததும் ஆட்டுகிறவர் பிடியில் கை வைத்து, “நிறுத்தட்டுங்களா?” என்று கேட்டார்.

நைனா இறங்க அசையவில்லை. கேட்டுப் பக்கமே முகத்தை வைத்துக்கொண்டு, “இன்னொரு சுத்து வுடு” என்றார்.

எனக்குத் தலை சுற்றியது. அண்ணன் உட்காரும் பலகையை இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.