பரவையில் ஒரு மத்தியானத் தூக்கம்

மே மாத மத்தியானம். பரவை மார்க்கெட் அருகே மதுரை போகும் பஸ் பஞ்சராகி நிற்கிறது. ராமேஸ்வரம் கடற்கரையில் படுத்தபடி படிக்க மாத நாவலும், பாட்டுக் கேட்க வாக்மேனும் கொண்டுவந்திருக்கிறேன். அலுப்பில் எதிலும் மனம் ஒட்டவில்லை.

வேப்பமர நிழலில், பஸ்ஸில் உடன் வந்த அம்மா ஒருவர் கேட்கிறார். "அதுல பாட்டா தம்பி வருது? ஆஸ்பத்திரியில மகளுக்குத் துணைக்கு இருந்து நாலு நாளாத் தூங்கல. இப்பத் தேவலாம், வீட்டுக்குப் போறேன். கொஞ்சம் கேக்கட்டா?"

ஹெட்போனை மாட்டிவிடுகிறேன். இரண்டாவது பாட்டுக்குள் மரத்தில் சாய்ந்து தூங்கிப்போகிறார்.

மாற்று பஸ் வருகிறது. இதை விட்டால் மதுரையில் ராமேஸ்வரம் ரயிலைப் பிடிக்க முடியாது.

"ஏறுங்கண்ணே!" என்கிறார் கண்டக்டர்.

"அடுத்ததுல வாரோம்ணே."

பஸ் போகிறது. கேசட் ஒரு பக்கம் முடிந்ததும், அவர் விழித்துவிடாமல் மெதுவாகத் திருப்பிப் போடுகிறேன்.