யார்க்கில் ஓர் அறை

பிராங்பேர்ட் ரயில் நிலையக் காபிக் கடையில் நானும் கணவரும் ஒரே கைபேசியின் மேல் குனிந்திருக்கிறோம். நாளை இங்கிலாந்துக்குப் பறக்கிறோம். மகள் யார்க் நகரில் படிக்கிறாள். பார்த்து ஒரு வருடமாகிறது. மற்ற மாணவிகளோடு பகிரும் வீட்டில் அவளுக்கு இருப்பது ஒரு சின்ன அறைதான். அதனால் ஹோட்டல் தேடுகிறோம்.

பழைய மதிலை ஒட்டிய சின்ன ஹோட்டல் ஒன்று எனக்குப் பிடித்திருக்கிறது. மாடி அறை, ஜன்னலுக்கு வெளியே தேவாலயக் கோபுரம். “அந்தப் படி என் முழங்காலுக்கு ஆகாது,” என்கிறார் கணவர்.

எங்கள் பேச்சைக் கேட்டபடி எதிரில் காபி குடிக்கும் யாழ்ப்பாணத்துப் பெண் சிரிக்கிறார். “மகளைக் கேட்டனீங்களோ, அக்கா?”

“படிக்கிற பொண்ணு, தொந்தரவு பண்ண வேண்டாம்னு பார்த்தோம்.”

“ஒருக்கா எடுத்துக் கேளுங்கோ. பிள்ளையள் தாங்களாச் சொல்ல மாட்டினம்.”

என் கைபேசியில் ஸ்பீக்கர் போட்டு அழைக்கிறேன். நான் முடிப்பதற்குள் மகள் குறுக்கிடுகிறாள். “எந்த ஹோட்டலா இருந்தாலும் சரிம்மா. மூணு கட்டில் இருக்கிற ரூமா எடுங்க. நானும் உங்ககூட வந்து தங்கிக்கறேன்.”

எப்போது பேசினாலும் ‘நல்லா இருக்கேன்’ என்று மட்டும் சொல்கிற பெண்.

கணவர் அதற்குள் அதே ஹோட்டலில் தரைத்தள அறை ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டார். கோபுரம் தெரியாது, தோட்டம் தெரியும். மூன்று கட்டில்கள்.

“உனக்கு எந்தக் கட்டில்டா வேணும்?” என்று கேட்கிறேன்.

“நடுவுல இருக்கிறது,” என்கிறாள்.