அண்ணி ஊதிய சங்கு

என் அண்ணிக்கு மெதுவாகப் பேச வராது. நாத்தனார் என்றால் குறை சொல்லத்தானே செய்வாள் என்று நினைத்துவிடாதீர்கள், எங்கள் தெருவில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். அடுப்படியில் நின்றுகொண்டு "உப்பு எங்க வெச்ச?" என்று என்னைக் கேட்டால், எதிர்வீட்டுக்காரி ஜன்னல் வழியாக "ரெண்டாவது தட்டுல பாருங்க" என்று பதில் சொல்வாள்.

அதற்கு அண்ணியைக் குற்றம் சொல்ல முடியாது. கல்யாணத்துக்கு முன்பே துணி ஆலைக்கு வேலைக்குப் போனவர். அங்கே தறிக்கூடத்தில் எல்லாத் தறியும் ஒன்றாக ஓடும்போது காதில் வாயை வைத்துக் கத்தினாலும் கேட்காது. அதனால் அங்கிருந்த பெண்கள் கையாலேயே ஒரு பாஷை வைத்திருந்தார்கள். கழுத்தைத் தொட்டால் மேஸ்திரி வருகிறார். வயிற்றைத் தட்டினால் சாப்பாட்டு நேரம். இரண்டு விரலை நீட்டி இப்படியும் அப்படியும் ஆட்டினால் 'தறி ஓடுது'. அதற்கு வெறும் தறி என்று அர்த்தமில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை, வீட்டில் சண்டையில்லை, நான் நன்றாக இருக்கிறேன் என்பதெல்லாம் அந்த இரண்டு விரலில் அடக்கம்.

ஆலையை மூடினார்கள். அண்ணி துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தார். ஒரு அம்மா வெட்கப்பட்டுக்கொண்டு தன் இடுப்பளவை அண்ணியின் காதோடு சொல்லியிருக்கிறார். அண்ணி அதை மாடியில் இருந்த பையனுக்குக் குரல் கொடுத்துச் சொல்ல, கடையே திரும்பிப் பார்த்தது. "நீங்க நல்லவங்கதாம்மா, ஆனா கடை தாங்காது" என்று முதலாளி கும்பிட்டு அனுப்பிவிட்டார். அப்புறம் அண்ணி எங்கள் வீட்டு வாசலில் இஸ்திரி மேசையைப் போட்டார்.

துணியெல்லாம் அடுக்குமாடியிலிருந்து வந்தது. ஆலையின் பின்பக்கத்தை இடித்துக் கட்டிய புதுக் குடியிருப்பு அது. அவர்களுக்கும் எங்கள் வரிசை வீட்டுக்காரர்களுக்கும் பேச்சென்று பெரிதாக ஒன்றும் கிடையாது. துணி வரும், துணி போகும். மூன்றாம் மாடிப் பெரியவர் ஒருவர் மட்டும் அண்ணி வாயைத் திறந்ததும் ஜன்னலைப் படாரென்று சாத்துவார். ஒருநாள் கீழே இறங்கி வந்தே சொன்னார், "கொஞ்சம் மெதுவா பேசக் கூடாதாம்மா? தலை வலிக்குது." அன்று முழுக்க அண்ணி வாயைத் திறக்கவில்லை. வீடு வீடாகவே இல்லை. எனக்கு அந்த மனுஷர்மேல் அப்படி ஒரு கோபம் வந்தது.

எங்களுக்கும் அவர்களுக்கும் நடுவில் ஆலையின் முன்முற்றம் மட்டும் இடிபடாமல் இருந்தது. உள்ளே பெரிய பெரிய நிழல் மரங்கள், வெளியே இரும்பு கேட், கேட்டில் பூட்டு. இந்தப் பக்கத்துப் பிள்ளைகளும் அந்தப் பக்கத்துப் பிள்ளைகளும் லாரி ஓடும் ரோட்டில்தான் பந்து விளையாடினார்கள். ஒருநாள் அண்ணியின் மகனும் ஒரு அடுக்குமாடிச் சிறுமியும் மயிரிழையில் தப்பினார்கள். லாரி நின்ற இடத்துக்கும் பிள்ளைகளுக்கும் நடுவே என் செருப்பைத்தான் வைக்கலாம். அன்று அண்ணி மகனை அடிக்கவில்லை, கட்டிக்கொள்ளவும் இல்லை. பூட்டிய கேட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

முற்றம் நகராட்சியின் கைக்கு வந்திருந்தது. அதைக் கார் நிறுத்த வாடகைக்கு விடுவதா, மக்களுக்குத் திறந்துவிடுவதா என்று அடுத்த கூட்டத்தில் முடிவு செய்யப் போகிறார்கள். வாடகைப் பக்கம்தான் காற்று அடிப்பதாகப் பேச்சு. அப்போதுதான் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் இருந்த நாடகக்காரப் பெண் எங்கள் தெருவுக்கு வந்தாள். பள்ளிக்கூடத்தில் நாடகம் சொல்லிக்கொடுக்கிறவள்.

"மனு குடுத்தா அலமாரியில தூங்கும். கேட்டு முன்னாடி, ரோட்டுலயே நாடகம் போடலாம். ரெண்டு பக்கத்து ஆளுங்களும் சேர்ந்து நடிக்கணும். கவுன்சிலரம்மாவை நேர்ல கூப்பிட்டு உக்கார வைப்போம்."

"நடுரோட்டுல ஆடுறதுக்கா நாங்க இருக்கோம்?" என்று சொல்லிவிட்டு அண்ணி துணியைத் தேய்க்க ஆரம்பித்துவிட்டார்.

ஆனால் ஒத்திகை எங்கள் வாசலுக்கு எதிரேதான் நடந்தது. பாவம், வங்கியில் வேலை பார்க்கிற ஒரு பையன் வசனத்தை மனப்பாடம் செய்து உருகி உருகிப் பேசினான். லாரி சத்தத்தில் அவன் வாய் அசைந்தது மட்டும்தான் தெரிந்தது. அண்ணி பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார்.

"தம்பி, ஒரு எழவும் கேக்கல."

தெருக்கோடி வரைக்கும் கேட்டது. நாடகக்காரப் பெண் மெல்லத் திரும்பி, புதையலைக் கண்டவள் மாதிரி அண்ணியைப் பார்த்தாள். மறுநாளிலிருந்து அண்ணிதான் கதாநாயகி.

கதை சின்னதுதான். ஆலைச் சங்கு ஊதும், தொழிலாளிகளாக நடிப்பவர்கள் கேட்டை நோக்கி நடப்பார்கள், கேட் பூட்டியிருக்கும். அங்கே அண்ணி நின்று, "இந்தக் கதவைத் திறங்க, எங்க புள்ளைங்களுக்கு ரோட்டைக் குடுத்துட்டு நீங்க மரத்தைப் பூட்டி வெச்சிருக்கீங்க" என்று ஆரம்பித்து ஒரு நீளமான வசனம் பேச வேண்டும். அந்த வசனம் எங்கள் வீட்டு இஸ்திரிப் பெட்டிக்கே மனப்பாடம் ஆகிவிட்டது. சங்குச் சத்தத்தை மட்டும் ஒத்திகையில் யாரும் கேட்கவில்லை. ஒலிபெருக்கி நாடகத்தன்று சாயங்காலம்தான் வரும் என்பதால், அந்த இடம் வந்ததும் "இங்க சங்கு" என்று சொல்லிவிட்டுத் தாண்டிவிடுவார்கள்.

அந்தச் சாயங்காலத்தை நினைத்தால் இப்போதும் எனக்குக் கை பரபரக்கிறது. போலீஸ்காரர் ஒருவர் லாரிகளை வேறு வழியாகத் திருப்பிவிட, ரோடு முழுக்க ஜனம். பழைய தறிக்கூடத்துப் பெண்கள் எங்கிருந்தெல்லாமோ வந்து முன்வரிசையில் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். அடுக்குமாடிக்காரர்கள் நாற்காலியோடு வந்தார்கள், மூன்றாம் மாடிப் பெரியவரும்தான். கவுன்சிலரம்மா கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வந்தார். கேட் ஓரத்தில் வாட்ச்மேன் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். ஆலை ஓடிய காலம் முழுக்க அதே கேட்டைத் திறந்து மூடியவர் அவர். நகராட்சி அவரையே காவலுக்கு வைத்திருந்தது.

மேளம் அடங்கியது. சங்கு ஊத வேண்டிய நேரம். கரண்ட் போய்விட்டது.

நாடகக்காரப் பெண்ணின் முகம் செத்துப்போனது. கவுன்சிலரம்மா எழுந்திருக்கப் பார்த்தார். அண்ணி மட்டும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, இரண்டு கையையும் வாயருகே குவித்து, மூச்சை இழுத்தார்.

அப்பா, என்ன சத்தம் அது. அடியிலிருந்து எழும்பி, மேலே போய், அங்கேயே நின்று, பிறகு இழுத்து இழுத்து இறங்குகிற அதே ஆலைச் சங்கு. அத்தனை வருஷம் காது கொடுத்துக் கேட்டது வீண்போகவில்லை. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

நடிகர்கள் ஆறு பேர் நடக்க வேண்டும். ஆனால் முன்வரிசை முழுக்க எழுந்துவிட்டது. தறிக்கூடத்துப் பெண்கள், பின்னால் நின்ற பழைய ஆலைக்கார ஆண்கள், என் அண்ணன், எல்லோரும் புடவையையும் வேட்டியையும் தட்டிவிட்டுக்கொண்டு கேட்டைப் பார்த்து வேகவேகமாக நடக்க ஆரம்பித்தார்கள். ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்கிற அதே அவசரம். அதைவிடக் கூத்து, வாட்ச்மேன் ஸ்டூலிலிருந்து துள்ளி எழுந்து, இடுப்புச் சாவியை எடுத்து, பூட்டைத் திறந்து, கேட்டை விரியத் தள்ளிவிட்டு, பழைய மாதிரியே ஓரமாக ஒதுங்கி நின்றார்.

பிள்ளைகள் ஓ என்று கத்திக்கொண்டு முதலில் ஓடின. பின்னாலேயே எங்கள் ஜனம், அவர்கள் பின்னால் நாற்காலிக்காரர்கள். கவுன்சிலரம்மாவையும் கூட்டம் அள்ளிக்கொண்டு போனது. ஒரு செருப்பு கேட்டருகே கிடந்தது. வாட்ச்மேனுக்கு அப்போதுதான் சுய நினைவு வந்தது.

"ஐயோ, நான் என்ன பண்ணிட்டேன்?" என்று தலையில் கை வைத்தார். "சங்கு ஊதிச்சே, சங்கு ஊதிச்சே" என்று என்னிடம் சொல்லிக்கொண்டே இருந்தார்.

உள்ளே மரத்தடியில் அண்ணி நின்றார். எல்லோரும் அவரையே பார்த்தார்கள். அடுத்தது அவருடைய வசனம். திறந்து கிடக்கிற கதவைப் பார்த்து 'கதவைத் திறங்க' என்று எப்படிச் சொல்வது? வாயைத் திறந்தார், மூடினார். என் அண்ணிக்குப் பேச்சு வராமல் நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அப்புறம் கையைத் தூக்கினார். இரண்டு விரலை நீட்டி, இப்படியும் அப்படியும் ஆட்டினார்.

கூட்டத்தில் ஒரு கை எழுந்தது. இன்னொன்று, அப்புறம் இன்னொன்று. தறிக்கூடத்துப் பெண்கள் அத்தனை பேரும் இரண்டு விரலை ஆட்டினார்கள். சிலர் அழுதுகொண்டே சிரித்தார்கள். எனக்கும் கண்ணீர் கொட்டியது, மறைக்கவில்லை.

"என்னம்மா சொல்றாங்க?" என்று கவுன்சிலரம்மா ஒற்றைச் செருப்போடு என்னைக் கேட்டார்.

"நாங்க நல்லா இருக்கோம்னு சொல்றாங்க மேடம். ஆலையை மூடினப்புறம் யாரும் சொன்னதில்ல."

அவர் மரத்தடியில் ஓடுகிற பிள்ளைகளைப் பார்த்தார். பிறகு வாட்ச்மேனைக் கூப்பிட்டார். அவர் ஓடிவந்து சாவியை நீட்டினார்.

"என்கிட்ட எதுக்கு? நீங்களே வெச்சுக்குங்க. கூட்டத்துல நான் பேசிக்கிறேன்."

பேசினார். கார் நிறுத்துகிற யோசனை அதோடு விழுந்தது. முற்றத்தைக் காலையில் திறந்து இரவில் பூட்டுவது என்று முடிவானது.

முதல் நாள் காலையில் வாட்ச்மேன் எங்கள் வாசலில் வந்து நெளிந்துகொண்டு நின்றார்.

"தப்பா நெனைக்காதீங்கம்மா. சாவியை உள்ள விட்டுட்டேன், ஆனா சங்கு ஊதாம கை திரும்ப மாட்டேங்குது."

அண்ணி என்னைப் பார்த்தார். நான் மூன்றாம் மாடி ஜன்னலைப் பார்த்தேன். அது சாத்தியிருந்தது. "என்ன பெரிய தலைவலி, ஊதுங்க அண்ணி" என்றேன்.

இஸ்திரிப் பெட்டியை ஓரமாக வைத்துவிட்டு, ரோட்டுக்கு நடுவில் போய் நின்று, அண்ணி ஊதினார். கேட் திறந்தது. அண்ணியின் மகன் பந்தோடு உள்ளே ஓடினான்.

மேலே மூன்றாம் மாடி ஜன்னலும் திறந்தது. போச்சு, விடிகாலையிலேயே சண்டை என்று நான் முந்தானையை இழுத்துச் செருகினேன். பெரியவர் வெளியே எட்டிப் பார்த்தார், தொண்டையைச் செருமினார், பிறகு கையை நீட்டி இரண்டு விரலை இப்படியும் அப்படியும் ஆட்டினார்.